தோளுக்கு ஏற்ற துப்பாக்கி

1902ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம். சிங்கப்பூர் ராஃபிள்ஸ் ஹோட்டலில் பில்லியர்ட்ஸ் ஆடும் கட்டடத்தின் அடியில் ஒரு புலி பதுங்கியிருந்தது. அருகே நடந்துகொண்டிருந்த ஒரு காட்சியிலிருந்து தப்பி வந்த புலி அது. குறிபார்த்துச் சுடுவதில் பெயர் பெற்றவர் என்று ராஃபிள்ஸ் கல்வி நிலையத்தின் தலைமை ஆசிரியர் சி. எம். பிலிப்ஸை எழுப்பி அழைத்து வந்தார்கள். முந்தைய இரவு விருந்துக்குப் போய்வந்த களைப்பு அவருக்கு. கட்டடத்தின் அடியில் ஒரே இருட்டு. முதலில் சுட்ட குண்டுகள் தவறின. பிறகுதான் புலி வீழ்ந்தது.

இன்று இந்தக் கதையைச் சுற்றுலாப் பயணிகளுக்குச் சிரித்துக்கொண்டே சொல்கிறார்கள். ஆனால் அதே புலி திறந்த காட்டில் நின்றிருந்தால்? தவறிய குண்டுகளில் ஒன்று அதன் தொடையில் பட்டிருந்தால்? காயம்பட்ட விலங்கைத் தேடிப் புதருக்குள் யாராவது போயாக வேண்டும். அப்படிப் போகிறவர்களில் முதல் ஆள் பெரும்பாலும் துப்பாக்கி வைத்திருப்பவர் அல்ல. தரையைப் பார்த்தபடி முன்னே நடக்கும் தடம் பார்ப்பவர்தான். அவர் கையில் பல வேளைகளில் ஒரு குச்சியைத் தவிர வேறொன்றும் இருக்காது.

பெரிய வேட்டைத் துப்பாக்கியை எப்படித் தேர்ந்தெடுக்கிறார்கள் என்ற கேள்விக்குப் பின்னால் இந்த மனிதர் நிற்கிறார். அவர் உயிரோடு வீடு திரும்ப வேண்டும், விலங்கு துடிக்காமல் சாக வேண்டும். இந்த இரண்டையும் மனத்தில் வைத்துப் பார்த்தால் துப்பாக்கியின் ஒவ்வோர் உறுப்பும் ஏன் அப்படி இருக்கிறது என்பது புரியும். ஜிம் கார்பெட் கதைகளைப் படித்து வளர்ந்தவர்களுக்கும், ஆப்பிரிக்கக் காடுகளைத் திரையில் மட்டுமே பார்த்தவர்களுக்கும் இது சுவையான செய்திதான்.

எண்கள் சொல்வது என்ன?

.375, .416, .470 என்று துப்பாக்கிகளின் பெயரில் வரும் எண், குழலின் விட்டத்தை அங்குலத்தில் ஏறக்குறையச் சொல்வது. .375 என்றால் சுமார் ஒன்பதரை மில்லிமீட்டர். .470 என்றால் ஏறத்தாழ 12 மில்லிமீட்டர். குண்டின் எடையைக் 'கிரெயின்' என்ற பழைய அளவில் சொல்வார்கள். தானிய மணியிலிருந்து வந்த அளவு அது. நம் ஊர் நகைக்கடைகளில் குன்றிமணி எடை இருந்ததுபோல.

லண்டனின் ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் நிறுவனம் 1912இல் கொண்டுவந்த .375 மேக்னம், சுமார் 19 கிராம் எடையுள்ள குண்டை நொடிக்கு 770 மீட்டர் வேகத்தில் அனுப்பும். அதற்கு ஓராண்டு முன்பு ரிக்பி நிறுவனம் வெளியிட்ட .416, சுமார் 26 கிராம் குண்டை அதைவிடச் சற்றே குறைந்த வேகத்தில் செலுத்தும். .470 நைட்ரோ எக்ஸ்பிரஸின் குண்டு 32 கிராம். இவற்றுக்கெல்லாம் மேலே .600 நைட்ரோ எக்ஸ்பிரஸ் இருக்கிறது. அதன் ஒரு குண்டே 58 கிராம், அதாவது ஒரு கோழிமுட்டையின் எடை. அந்தத் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு நடப்பது ஏழு கிலோ அரிசி மூட்டையைத் தூக்கிக்கொண்டு நடப்பதற்குச் சமம்.

.450 என்ற அளவு மட்டும் இந்தப் பட்டியலில் பின்தங்கிப்போனதற்கு ஒரு கதை உண்டு. இந்தியாவில் பிரிட்டிஷ் ராணுவத்தின் பழைய மார்ட்டினி-ஹென்றி துப்பாக்கிகள் அதே அளவுக் குழல் கொண்டவை. கிளர்ச்சிக்காரர்களின் கைக்குப் போன அந்தத் துப்பாக்கிகளுக்குத் தோட்டா கிடைத்துவிடக் கூடாது என்று, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் .450 அளவின் இறக்குமதியை அரசாங்கம் தடை செய்தது. லண்டன் துப்பாக்கி வினைஞர்கள் சளைக்கவில்லை. .465, .470, .475 என்று விட்டத்தைக் கொஞ்சம் கொஞ்சம் மாற்றித் தடையைத் தாண்டினார்கள். இன்று வேட்டைக்காரர்கள் பெருமையாகச் சொல்லும் .470 இப்படி ஒரு சட்டச் சிக்கலால் புகழ்பெற்றதுதான்.

பெரிது என்றால் நல்லதா?

முதன்முறை ஆப்பிரிக்கா போகும் பணக்கார வேட்டைக்காரர் வழக்கமாகச் செய்யும் தவறு, வாங்க முடிந்ததிலேயே பெரிய துப்பாக்கியை வாங்குவது. சாதாரண மான் வேட்டைக்குப் பயன்படும் .30-06 துப்பாக்கியின் உதையைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு .375இன் உதை. .416 ஏறக்குறைய மூன்று மடங்கு. நான்கு முறை சுட்டதும் தோள் வலிக்கத் தொடங்கும். ஐந்தாவது முறை, வெடிக்கும் முன்பே கண் தானாக மூடிக்கொள்ளும், கை குழலைக் கீழே அமுக்கும். குண்டு ஒரு சாண் தள்ளிப் போகும். ஒரு சாண் தள்ளினால் நெஞ்சில் பட வேண்டியது வயிற்றில் படும்.

ஆப்பிரிக்கக் காட்டெருமை ஒன்று 700, 800 கிலோ இருக்கும். காயம்பட்ட எருமை மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் பாய்ந்தால், 30 மீட்டர் தூரத்தைக் கடக்க அதற்கு இரண்டு நொடி போதும். அந்த இரண்டு நொடிக்குள் முன்னே நிற்கும் தடம் பார்ப்பவர் விலக வேண்டும், பின்னே நிற்பவர் சரியாகச் சுட வேண்டும்.

எனவே அனுபவசாலிகள் சொல்வது: சரியான இடத்தில் பட்ட .375, தவறான இடத்தில் பட்ட .500ஐ விட மேல். ஆபத்தான விலங்குகளுக்கு .375க்கு ஒட்டிய அளவையே பல ஆப்பிரிக்க நாடுகள் குறைந்தபட்சமாக வைத்திருக்கின்றன. முதன்முறை போகிறவருக்கு அதுவே போதுமான துப்பாக்கியும்கூட.

இதற்கு நேர்மாறான உதாரணம் ஒன்றும் உண்டு. ஸ்காட்லாந்துக்காரரான டபிள்யூ. டி. எம். பெல், ஆயிரத்துக்கும் மேற்பட்ட யானைகளைச் சுட்டவர். அவற்றில் பெரும்பாலானவற்றை ஏழு மில்லிமீட்டர் குழல் கொண்ட சிறிய துப்பாக்கியால் வீழ்த்தினார். யானையின் மண்டையோட்டை அறுத்து, மூளை எந்த இடத்தில் இருக்கிறது என்று படித்தவர் அவர். நீண்டு ஒல்லியாக இருந்த அவருடைய உறுதியான குண்டு வளையாமல் நேராகப் போனது. ஆனால் பெல்லைப் பார்த்துச் சிறிய துப்பாக்கியை எடுத்துக்கொண்டு போனவர்கள் பலர் திண்டாடினார்கள். அவர்களிடம் பெல்லின் துப்பாக்கி இருந்தது, பெல்லின் கண்ணும் அமைதியும் இல்லை. யானைக் கூட்டங்களை எண்ணும்போது இன்று நாம் வருந்தும் எண்ணிக்கை அது என்பதையும் மறக்கக் கூடாது.

இரட்டைக் குழலா, ஒற்றைக் குழலா?

மலாய்க்காரர்கள் 'செனாப்பாங் பாத்தா' என்று சொல்லும், நடுவில் மடங்கும் துப்பாக்கியை நம் தோட்டப்புறங்களில் பன்றி வேட்டையின்போது பார்த்தவர்கள் இருப்பார்கள். ஆங்கிலேயர் பெருமைப்பட்ட இரட்டைக் குழல் ரைஃபிளும் அதேபோல மடங்கித்தான் தோட்டாவை வாங்கிக்கொள்ளும். இரண்டு குழல், இரண்டு விசை, உள்ளே இரண்டு தனித்தனி இயக்கம். ஒன்று பழுதானாலும் மற்றொன்று வெடிக்கும். இரண்டாவது குண்டுக்குக் கையை எங்கும் நகர்த்த வேண்டாம், விரலை மட்டும் அடுத்த விசைக்கு மாற்றினால் போதும். மிக அருகில் பாயும் விலங்கின் முன் இதைவிட வேகமான கருவி இல்லை.

ஆனால் இரண்டு குழல்களும் ஒரே இடத்தில் சுடும்படி பொருத்துவது மிக நுட்பமான கைவேலை. ஒரு குறிப்பிட்ட தோட்டாவுக்கென்றே அதைச் சரிசெய்வார்கள். தோட்டாவின் வகையை மாற்றினால் இரண்டு குழலும் இரண்டு திசையில் சுடும். விலையோ ஒரு நல்ல காரின் விலையில் தொடங்கி எங்கேயோ போகும்.

மற்றொரு வகை, கையால் தாழ்ப்பாளை இழுத்துத் தள்ளும் போல்ட் ரைஃபிள். 1898இல் ஜெர்மனியின் பால் மாசர் வகுத்த அமைப்புதான் இன்றுவரை இதற்கு அடிப்படை. அதில் ஒரு பெரிய கொக்கி, தோட்டா பெட்டியிலிருந்து எழும்பும்போதே அதன் விளிம்பைப் பிடித்துக்கொள்ளும். துப்பாக்கி எந்தப் பக்கம் சாய்ந்திருந்தாலும் தோட்டா நழுவாது, வெடித்த கூட்டையும் அதே கொக்கி இழுத்து வெளியே எறியும். பதற்றத்தில் பாதி இழுத்துத் தள்ளுகிறவர்களும் உண்டு. அப்போது வெற்றுக் குழலோடு விலங்கின் முன் நிற்க நேரிடும். போல்ட்டை முழுவதும் இழுத்து முழுவதும் தள்ளுவதைக் கை மறக்காதபடி பழக வேண்டும் என்று வழிகாட்டிகள் வற்புறுத்துவது இதனால்தான். மூன்று முதல் ஐந்து தோட்டா கொள்ளும் இந்த வகையே சாதாரண வசதியுள்ளவர்கள் வாங்கக்கூடியது.

தோட்டாக்களின் எண்ணிக்கையும் சில நேரம் உயிர் விஷயம். 1907இல் குமாவுன் மலைப்பகுதியில், 436 பேரைக் கொன்றதாகக் கணக்கிடப்பட்ட சம்பாவத் பெண்புலியைக் கார்பெட் தேடிப்போனபோது அவரிடம் இருந்தவை மூன்றே தோட்டாக்கள். மூன்றும் தீர்ந்த பின்னும் புலி நின்றுகொண்டிருந்தது. அவர் ஓடிப்போய்த் தாசில்தாரின் பழைய துப்பாக்கியை வாங்கி வந்துதான் கதையை முடித்தார்.

கட்டை: உடம்புக்குத் தைத்த சட்டை

துப்பாக்கி வாங்கும்போது எல்லாரும் குழலைப் பார்ப்பார்கள். அனுபவசாலி முதலில் கட்டையைப் பார்ப்பார். தோளில் வைத்து, கன்னத்தைச் சாய்த்து, பிடியைப் பிடிக்கும் அந்த மரப்பகுதிதான் உதையை உடம்புக்குக் கடத்துகிறது.

விசையிலிருந்து கட்டையின் அடிவரை உள்ள நீளம் பொதுவாக 34 முதல் 37 சென்டிமீட்டர். கை நீளமானவருக்குக் குட்டையான கட்டை கொடுத்தால், உதைக்கும்போது அவருடைய கட்டைவிரலே மூக்கில் வந்து இடிக்கும். குட்டைக் கைக்காரருக்கு நீளமான கட்டை கொடுத்தால், அவசரத்தில் அக்குளில் சிக்கிக்கொள்ளும். கன்னம் படும் மேல்விளிம்பு பின்பக்கம் அதிகமாகச் சரிந்திருந்தால் துப்பாக்கி மேலே துள்ளிக் கன்னத்தில் அறையும். ஏறக்குறைய நேராக இருந்தால் உதை தோளுக்கு நேராகப் போகும். அடிப்பாகம் அகலமாக இருப்பதும், அதில் தடித்த ரப்பர் வைப்பதும் அதே காரணத்துக்காகத்தான். பெரிய செருப்பு சேற்றில் குறைவாகப் புதைவதுபோல, அகன்ற அடி உதையைத் தோளில் பரப்பிவிடும்.

பொருத்தம் பார்க்க எளிய வழி ஒன்று உண்டு. துப்பாக்கியில் தோட்டா இல்லை என்பதை இரண்டு முறை உறுதி செய்துகொண்டு, கண்ணை மூடியபடி தோளுக்கு உயர்த்த வேண்டும். கண்ணைத் திறக்கும்போது முன்குறியும் பின்குறியும் ஒரே கோட்டில் தெரிந்தால் அந்தக் கட்டை உங்களுக்காகச் செய்தது. கழுத்தை நீட்டியோ தலையைத் தாழ்த்தியோ தேட வேண்டியிருந்தால் வேறு கட்டையைப் பாருங்கள்.

மரம் என்றால் வால்நட் மரம். அழகான சுழிகள் உள்ள மரத்துக்கு விலை அதிகம். ஆனால் பிடிக்கும் இடத்தில் நார்கள் நீளவாக்கில் ஓட வேண்டும், குறுக்கே ஓடினால் உதையில் பிளக்கும். பெரிய துப்பாக்கிகளின் கட்டையில் குறுக்காக எஃகு ஆணி போட்டிருப்பார்கள், அதுவும் பிளவைத் தடுக்கத்தான். நம் பக்கத்து மழைக்காடு போன்ற ஈரமான இடங்களில் மரம் ஊறி வீங்கிக் குழலை ஒரு பக்கமாக அழுத்தும், குறி மாறிவிடும். அதனால் அடுக்கடுக்காக ஒட்டிய மரக்கட்டையும் செயற்கை இழைக் கட்டையும் பலருடைய தேர்வாகிவிட்டன. பார்க்க அழகு குறைவு, மழைக்கு அசையாது.

தோள்வாரின் வளையத்தையும் கவனியுங்கள். சிறிய துப்பாக்கியில் அது கட்டையில் இருக்கும். பெரிய துப்பாக்கியில் குழலிலேயே, கைக்கு எட்டாத தூரத்தில் வைத்திருப்பார்கள். இல்லாவிட்டால் உதைக்கும்போது அந்த வளையம் முன்கை விரலைக் கிழித்துவிடும்.

குறி: தூரத்தைவிட நேரம் முக்கியம்

ஆபத்தான விலங்கு பெரும்பாலும் தொலைவில் இருப்பதில்லை. புதருக்குள் 15 மீட்டரில் நிற்கும். பத்து மடங்கு பெரிதாக்கும் தொலைநோக்கியில் அந்த எருமையைப் பார்த்தால் கறுப்பு மயிர் மட்டுமே தெரியும், தலை எது, வயிறு எது என்று தெரியாது. எனவே பழைய துப்பாக்கிகளில் பின்னால் அகன்ற ஆழமில்லாத 'வி' வடிவம், முன்னால் யானைத் தந்தத்திலோ பித்தளையிலோ செய்த ஒரு சிறு மணி. மணியை 'வி'யின் நடுவில் உட்காரவைத்தால் போதும். மங்கலான வெளிச்சத்தில் எடுப்பாகத் தெரிவதற்கே அந்த வெண்மையும் மினுமினுப்பும்.

இதில் ஒரு சிக்கல், வயது. நாற்பதைத் தாண்டியவருக்குப் பின்குறி, முன்குறி, விலங்கு மூன்றும் ஒரே நேரத்தில் தெளிவாகத் தெரிவதில்லை. நாளிதழைக் கையை நீட்டிப் படிக்கத் தொடங்கும் அதே வயது. அப்படிப்பட்டவர்களுக்குக் கண்ணருகே பெரிய துளையுள்ள வளையக்குறி உதவும். துளையின் வழியே பார்த்தால் மணியை மட்டும் கவனித்தால் போதும், கண் தானாக நடுவைத் தேடிக்கொள்ளும். அல்லது ஒன்று முதல் நான்கு மடங்கு வரை மட்டுமே பெரிதாக்கும் சிறிய தொலைநோக்கி. குறைந்த அளவில் வைத்தால் இரண்டு கண்களையும் திறந்துகொண்டே சுடலாம்.

தொலைநோக்கி வைப்பதானால் இரண்டு நிபந்தனைகள். கண்ணுக்கும் கண்ணாடிக்கும் ஒன்பது, பத்து சென்டிமீட்டர் இடைவெளி வேண்டும். குறைந்தால் உதையில் அதன் விளிம்பு புருவத்தில் பிறை வடிவத் தழும்பு போட்டுவிடும். இரண்டாவது, மழையில் கண்ணாடி மங்கினால் கருவி எதுவும் இல்லாமல் கழற்றிவிட்டுக் கீழே உள்ள இரும்புக் குறியைப் பயன்படுத்த முடிய வேண்டும்.

குறி என்றதும் கென்னத் ஆண்டர்சன் நினைவுக்கு வருகிறார். பெங்களூரில் வாழ்ந்த அவர், ஓசூர், தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி, பென்னாகரம் எனத் தமிழ் பேசும் காட்டோரக் கிராமங்களில் ஆட்கொல்லிகளைத் தேடியவர். அவருடைய துணை, .405 வின்செஸ்டர். அதே வகைத் துப்பாக்கியைத்தான் அமெரிக்க முன்னாள் அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் 1909இல் ஆப்பிரிக்காவுக்குக் கொண்டுபோனார். ஆண்டர்சன் அதன்மீது ஒரு டார்ச் விளக்கைப் பொருத்திக்கொள்வார். இரவில் மரத்தின்மேல் காத்திருப்பவருக்கு எவ்வளவு நல்ல குறியும் வெளிச்சம் இல்லாமல் உதவாது. வேறு விலையுயர்ந்த துப்பாக்கிகள் சந்தையில் இருந்தபோதும், பழகிய ஒன்றையே அவர் வைத்துக்கொண்டார்.

விசை: விரல் நுனியில் ஒரு முடிவு

விசை எவ்வளவு அழுத்தத்தில் இயங்க வேண்டும்? இலக்குப் போட்டியில் சுடுகிறவர்கள் இறகு தொட்டாலே இயங்கும் விசையை விரும்புவார்கள். காட்டில் அது ஆபத்து. பயத்தில் இதயம் அடித்துக்கொள்ளும்போது விரல் நுனியில் நுட்பமான உணர்வு இருக்காது. நினைக்கும் முன்பே வெடித்துவிடும், குழல் அப்போது தடம் பார்ப்பவரின் முதுகை நோக்கி இருக்கலாம். அளவுக்கு மேல் கடினமாக இருந்தாலோ, இழுக்கும் இழுப்பில் குழல் அசையும். சுமார் ஒன்றரைக் கிலோ அழுத்தம் நடுநிலை. அதைவிட முக்கியம், இழுபட்டுக்கொண்டே போகாமல் கண்ணாடிக் குச்சி முறிவதுபோல ஒரே கணத்தில் இயங்குவது.

இரட்டைக் குழலில் முன் விசை வலக்குழலையும் பின் விசை இடக்குழலையும் இயக்கும். உதையில் விரல் வழுக்கிப் பின் விசையில் பட்டால் இரண்டு குழலும் அடுத்தடுத்து வெடிக்கும். அந்த உதையைத் தாங்கித் தரையில் உட்கார்ந்தவர்களும் உண்டு.

பாதுகாப்புப் பூட்டிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. பறவை வேட்டைத் துப்பாக்கியை மடக்கித் திறந்தால் பல வகைகளில் பூட்டு தானாகவே விழுந்துகொள்ளும். அங்கே அது நல்லது. பாயும் விலங்கின் முன் அவசரமாகத் தோட்டா மாற்றியவர், பூட்டு விழுந்ததை மறந்து விசையை இழுத்தால் ஒன்றும் நடக்காது. அதனால் பெரிய இரட்டைக் குழல்களில் கையால் போட்டால் மட்டுமே விழும் பூட்டைக் கேட்டு வாங்குவார்கள். அந்தப் பொறுப்பு பிறகு முழுக்கச் சுடுகிறவருடையது.

வாங்கிய பிறகு

வாங்கியதோடு வேலை முடிவதில்லை. மேசையில் சாய்த்து வைத்து நான்கு குண்டு சுட்டுக் குறியைச் சரிசெய்த பின், மேசையை மறந்துவிட வேண்டும். காட்டில் மேசை கிடையாது. நின்றபடி, மூங்கில் கவையில் சாய்த்து, மண்டியிட்டு என்று பழக வேண்டும். தோள் நோகாமல் பழகுவதற்கு அதே அமைப்பிலுள்ள .22 துப்பாக்கி உதவும். போலித் தோட்டா போட்டு வீட்டிலேயே விசை இழுத்துப் பழகுகிறவர்களும் உண்டு. இத்தனைக்கும் பிறகு, எடுக்கும் வேளையில் கை நடுங்கினால் சுடாமல் திரும்புவதே நல்ல வேட்டைக்காரருக்கு அடையாளம். சுடாத குண்டைத் தேடி எந்தத் தடம் பார்ப்பவரும் புதருக்குள் போக வேண்டியதில்லை.

நம் நாடுகளில் இவையெல்லாம் பெரும்பாலும் படித்துத் தெரிந்துகொள்ளும் செய்திதான். சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் துப்பாக்கிச் சட்டங்கள் மிகக் கடுமையானவை. யானை, புலி, செலாடாங் மூன்றும் மலேசியாவில் முழுப் பாதுகாப்புப் பெற்றவை. காடுகளில் 150க்கும் குறைவான மலாயாப் புலிகளே எஞ்சியிருப்பதாக 2022இல் அறிவித்தார்கள். இந்தியாவில் 1972ஆம் ஆண்டுச் சட்டமும் கென்யாவில் 1977ஆம் ஆண்டுத் தடையும் வேட்டைக்கு முற்றுப்புள்ளி வைத்தன.

இந்த மாற்றத்தைத் தொடங்கி வைத்தவர்களில் பெரிய துப்பாக்கியை நன்கு அறிந்தவர்களும் இருந்தார்கள். கோலாலம்பூர் ரயில் நிலையத்தை வடிவமைத்த ஆர்தர் ஹப்பெக்கின் சகோதரர் தியோடர் ஹப்பெக், மலாயாக் காடுகளில் யானையையும் செலாடாங்கையும் வேட்டையாடி, 1905இல் அதைப் பற்றி ஒரு நூலே எழுதியவர். அதே மனிதர் பிறகு வனவிலங்குக் காவலராகி, பகாங், கிளந்தான், திரெங்கானு மூன்றும் சந்திக்கும் காட்டைக் காப்பாற்ற ஆண்டுக்கணக்கில் போராடினார். 1930களின் இறுதியில் அது தேசியப் பூங்காவானது. இன்று நாம் பிள்ளைகளை அழைத்துப்போகும் தாமான் நெகாரா அதுதான். கார்பெட்டும் பிற்காலத்தில் கேமராவைக் கையில் எடுத்தார், இந்தியாவின் முதல் தேசியப் பூங்கா இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

அடுத்த பள்ளி விடுமுறையில் தாமான் நெகாராவுக்குப் போனால், வழிகாட்டிக்குப் பின்னால் சத்தமில்லாமல் நடந்து பாருங்கள். அவர் சட்டென்று நின்று, குனிந்து, சேற்றில் பதிந்த ஒரு குளம்படியைக் காட்டுவார். பழைய வேட்டைக்காரர்கள் உயிரை நம்பி ஒப்படைத்த கண்கள் அவை. இப்போது அந்தத் தடத்தின் முடிவில் ஒரு படம் எடுத்துக்கொண்டு எல்லாரும் வீடு திரும்பலாம்.